இளம் வீரனின் விலையும் கழகத்தின் காலமும்

ஓர் இளைஞன் இன்று என்ன செய்கிறான் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஐந்து ஆண்டுகள் கழித்து அவன் எந்த நிலையில் இருப்பான் என்பது எவர் கண்ணுக்கும் தெரியாது. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே நின்றுகொண்டு, அவனைத் தம்மிடமே வைத்து வளர்ப்பதா, அல்லது அவனைக் கொடுத்து முதிர்ச்சியடைந்த வேறொரு வீரனைப் பெறுவதா என்று நிர்ணயிக்க வேண்டிய நிர்ப்பந்தம் விளையாட்டுக் கழகங்களுக்கு ஆண்டுதோறும் நேர்கிறது. அமெரிக்காவின் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கமாகிய என்.பி.ஏ.யில் இது பகிரங்கமாக, சட்டவிதிகளுக்கு உட்பட்டு, பத்திரிகைகளின் விமர்சனத்துக்கு நடுவே நடைபெறும் பரிவர்த்தனை. நமது கொழும்பிலோ, பரிவர்த்தனை என்ற பெயரே சூட்டப்படாமல், பாடசாலை அதிபரின் அறையிலும் வர்த்தக நிறுவனத்தின் அலுவலகத்திலும் சத்தமின்றி நிறைவேறிவிடும் காரியம் அது.

பொரளையில் இருப்பவனுக்கு அமெரிக்கக் கழகங்களின் கணக்கோடு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல இரண்டு காரணங்கள் உண்டு. வெள்ளவத்தையில் வேரோடிய தமிழ்க் குடும்பங்களில் ரொறன்ரோவில் ஓர் உறவினரேனும் இல்லாத குடும்பம் அரிது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ரொறன்ரோ ராப்டர்ஸ் கழகம் என்.பி.ஏ. கிண்ணத்தை வென்றபோது, ஸ்காபரோவில் எழுந்த ஆரவாரம் இங்கே காலி வீதி வரை தொலைபேசி வழியாக வந்து சேர்ந்தது. அதைவிட ஆழமான மற்றக் காரணம், கூடைப்பந்தாட்டம் நமக்கு அந்நியமான விளையாட்டன்று என்பதே. 1891ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், வை.எம்.சி.ஏ.யின் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் வகுத்த இவ்விளையாட்டு, அந்தச் சங்கத்தின் பாதையிலேயே ஆசியாவுக்கு வந்தது. 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் நிறுவிய வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தென்னகமெங்கும் பயிற்றுநர்களை அனுப்பிற்று; கொழும்புக் கோட்டையின் வை.எம்.சி.ஏ.யும், கொட்டாஞ்சேனையில் அருட்சகோதரர்களின் புனித பெனடிக்ற் கல்லூரியும் இங்கே அதனைப் பேணி வளர்த்தன.

தமிழ்ப் பிரதேசங்களில் இவ்விளையாட்டுக்குத் தாய்வீடு என்று சொல்லத் தகுந்த இடம் மட்டக்களப்பு. 1873இல் தொடங்கப்பட்ட புனித மிக்கேல் கல்லூரியில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து 1948ஆம் ஆண்டில் வந்த இயேசு சபைத் துறவி யூஜீன் ஜோன் ஹெபர்ட் அடிகளார், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிழக்கிலங்கையிலேயே தம் வாழ்வைக் கழித்து, பிள்ளைகளுக்குப் பாடமும் பந்தும் ஒருசேரக் கற்பித்தார். அவர் கையில் பயின்ற மாணவர்கள் கொழும்பின் பெரிய பாடசாலைகளை எதிர்த்து நின்று வெற்றி பெற்ற கதையை மட்டக்களப்பில் முதியோர் இன்றும் பெருமிதத்தோடு சொல்வர். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தம் ஸ்கூட்டரில் திரும்பும் வழியில், உடன்வந்த ஓர் இளைஞனோடு அவர் காணாமற் போனார்; இன்றளவும் இருவரைப் பற்றியும் யாதொரு தகவலும் கிடைத்திலது. ஒரு பையனை வளர்த்தெடுப்பதற்கு எவ்வளவு காலம் செல்லும், அந்தக் காலத்தை யார் செலவிடுகிறார் என்ற கேள்வி நமது விஷயத்துக்கு மையமானது என்பதனாலேயே அவரை இங்கு நினைவுகூர்ந்தேன்.

முதலில் அமெரிக்க முறையின் அடிப்படையைச் சற்று விளக்கிவிடல் நன்று. அங்கே இளம் வீரர்கள் தாம் விரும்பிய கழகத்தில் சேர்வதில்லை. ஆண்டுதோறும் நடைபெறும் தெரிவில், முந்திய பருவத்தில் தோல்வி மிகுந்த கழகங்களுக்கு முன்னுரிமை வாய்க்கும் வகையில், ஒவ்வொரு கழகமும் வரிசைப்படி ஒருவரைத் தெரிந்துகொள்கிறது. முதற்சுற்றில் தெரிவானவனின் ஊதியம் அவன் எத்தனையாவது இடத்தில் தெரிவானான் என்பதைக் கொண்டு ஏறத்தாழ முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது. ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு நீளக்கூடியது. அவற்றுள் பின்னிரண்டு ஆண்டுகளைத் தொடர்வதா விடுவதா என்ற உரிமை கழகத்துக்கே உரியது. 1984ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு கழகத்தின் மொத்தச் சம்பளச் செலவுக்கும் ஓர் உச்சவரம்பு விதிக்கப்பட்டு வருகிறது. 2024-25ஆம் பருவத்தில் அது பதினான்கு கோடி டொலருக்குச் சற்று மேல். இவ்வாறு எல்லையிட்ட பணப்பையில், திறமை மிக்க இளைஞன் ஒருவன் குறைந்த ஊதியத்துக்கு ஆடும் முதல் நான்கு ஆண்டுகள் கழகத்துக்குப் பெருநிதி. ஆகவே அவனைக் கொடுக்கும் கழகம் ஒரு வீரனை மாத்திரம் கொடுப்பதில்லை. மலிவான விலையில் கிடைத்த காலத்தையும் கூடவே கொடுத்துவிடுகிறது.

இன்னும் தெரிவு செய்யப்படாத இளைஞர்களைக்கூடக் கைமாற்றலாம் என்பது அம்முறையின் விசித்திரங்களில் ஒன்று. வரப்போகும் ஆண்டுகளின் தெரிவுரிமையைக் கழகங்கள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும். 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் கவலியர்ஸ் கழகத்தை வாங்கிய டெட் ஸ்டெப்பியன் என்ற செல்வந்தர் இவ்வுரிமைகளை வாரி இறைத்த வேகம் கழகத்தையே அழித்துவிடும் என்று கண்ட சங்கம், வருங்கால முதற்சுற்று உரிமைகளை அடுத்தடுத்த ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியாகக் கொடுத்தல் ஆகாதென விதி செய்தது. அவ்விதிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. எதிர்காலத்தை விற்று நிகழ்காலத்தில் செலவிடும் ஆசைக்குச் சட்டத்தாலேயே வேலி போடவேண்டி வந்தது என்பதிலிருந்து, அந்த ஆசையின் வலிமையை நாம் ஊகிக்கலாம்.

இனி உதாரணங்களுக்கு வருவோம். கவாய் லெனார்ட் என்ற ஒரே வீரனின் வாழ்க்கையைத் தொடர்ந்து சென்றால், நமக்கு வேண்டிய பாடங்கள் பெரும்பாலும் அவ்வழியிலேயே கிடைத்துவிடுகின்றன.

2011ஆம் ஆண்டுத் தெரிவு இரவில், பதினைந்தாம் இடத்தில் இண்டியானா பேஸர்ஸ் தெரிவு செய்த லெனார்ட்டை, ஜோர்ஜ் ஹில் என்ற இளம் வீரரைக் கொடுத்து சான் அந்தோனியோ ஸ்பர்ஸ் பெற்றுக்கொண்டது. ஹில்லுக்கு அப்போது இருபத்தைந்து வயது; பயிற்றுநர் கிரெக் பொப்போவிச்சின் அன்புக்குரியவர்; தாம் வளர்த்த ஒருவரை, இன்னும் ஓர் ஆட்டமும் ஆடாத பையனுக்காகக் கொடுப்பது எளிதாக இருந்திருக்க முடியாது. மூன்றே ஆண்டுகளில், 2014இல், ஸ்பர்ஸ் கிண்ணத்தை வென்றபோது இறுதித் தொடரின் சிறந்த வீரர் என்ற விருது இருபத்திரண்டு வயது லெனார்ட்டுக்குக் கிடைத்தது. ஆயினும் இண்டியானா ஏமாந்துவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. தம் சொந்த ஊராகிய இண்டியானாபொலிசில் ஹில் ஆடிய அக்கழகம் 2013, 2014 ஆகிய இரு ஆண்டுகளிலும் கிழக்குப் பிரிவின் இறுதி வரை முன்னேறிற்று. இரு தரப்பும் தமக்கு வேண்டியதைப் பெற்ற பரிவர்த்தனைகள் உண்டு. ஒருவன் வென்றால் மற்றவன் தோற்றே ஆகவேண்டும் என்ற நினைப்பு, இத்துறையில் எழுதுவோரை அடிக்கடி வழிதவறச் செய்கிறது.

ஏழாண்டுகளுக்குப் பின், காயமும் மனக்கசப்பும் சேர்ந்து லெனார்ட்டை ஸ்பர்சிடமிருந்து பிரித்தன. 2018 ஜூலையில் ரொறன்ரோ அவரையும் டேனி கிரீனையும் பெற்றது; ஒன்பது பருவங்கள் அந்நகரத்துக்கே உழைத்த டெமார் டிரோசனும், யாக்கோப் பொயல்ட்ல் என்ற இருபத்திரண்டு வயது இளைஞரும், முதற்சுற்றுத் தெரிவுரிமை ஒன்றும் சான் அந்தோனியோவுக்குச் சென்றன. இங்கே கூர்ந்து நோக்கவேண்டியது கொடுக்கப்பட்டவர்களைப் பற்றியதன்று, கொடுக்கப்படாதவர்களைப் பற்றியது. 2016இல் இருபத்தேழாம் இடத்தில் தெரிவான பாஸ்கல் சியாக்கமையும், 2017இல் இருபத்துமூன்றாம் இடத்தில் தெரிவான ஓ.ஜி. அனுனோபியையும், தெரிவிலேயே எவரும் எடுக்காமல் விட்ட பிரெட் வான்வ்லீட்டையும் ரொறன்ரோ தன்னிடமே வைத்துக்கொண்டது. லெனார்ட்டின் ஒப்பந்தத்தில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு பருவம், அவர் மறுவருடம் போய்விடலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவ்வாறே போயும்விட்டார். ஆனால் அந்த ஒரு பருவத்தில் கிண்ணம் வந்தது. அனுனோபி நோயினால் வெளியே இருக்க நேர்ந்தாலும், சியாக்கமும் வான்வ்லீட்டும் இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் கழகத்துக்கு எதிராகத் தோள்கொடுத்தார்கள். தன்னிடம் இருக்கும் காலம் ஒரு பருவமே என்று கண்டுகொண்ட கழகம், அந்த ஒரு பருவத்துக்குத் தகுந்த விலையையே கொடுத்தது. இதைப் பெருந்துணிவு என்று அந்நாளில் பலர் எழுதினர். எனக்கு அது பெரிதும் நிதானமாகத் தோன்றுகிறது.

இப்போது நாம் நமது கட்டுரையின் நடுநாயகமான சம்பவத்தை அடைகிறோம். லெனார்ட் 2019 ஜூலையில் லொஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் கழகத்தில் சேர விரும்பினார். ஆனால் தனியாக வர அவருக்குச் சம்மதமில்லை, ஒக்லஹோமா சிற்றி தண்டர் கழகத்தின் போல் ஜோர்ஜும் உடன் வரவேண்டும் என்று வற்புறுத்தினார் என அக்காலச் செய்திகள் கூறின. ஜோர்ஜுக்கு வயது இருபத்தொன்பது. முடிந்த பருவத்தில் அதிசிறந்த வீரருக்கான வாக்கெடுப்பில் மூன்றாமிடம் பெற்றவர். அவருக்கு ஈடாகக் கிளிப்பர்ஸ் கொடுத்தது ஐந்து முதற்சுற்றுத் தெரிவுரிமைகள், இரண்டு ஆண்டுகளில் தெரிவு இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை, டனிலோ கலினாரி என்ற அனுபவசாலி, இவற்றோடு தன் இருபத்தோராவது பிறந்தநாளுக்குச் சில தினங்களே எஞ்சியிருந்த ஷே கில்ஜியஸ்-அலெக்சாந்தர்.

ரொறன்ரோவில் பிறந்து, ஒன்ராறியோ மாகாணத்தின் ஹமில்டன் நகரில் வளர்ந்தவர் இவர். தாயார் 1992ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் அன்ரிகுவா நாட்டுக்காக ஓடிய வீராங்கனை. ஓராண்டுக்கு முன்பு தெரிவு இரவிலேயே ஒருமுறை கைமாற்றப்பட்டவர்: பதினோராம் இடத்தில் சார்லட் ஹோர்னெட்ஸ் அவரைத் தெரிந்து, அடுத்த இடத்தில் தெரிவானவருக்கும் இரண்டாம் சுற்று உரிமைகளுக்கும் பதிலாகக் கிளிப்பர்சுக்குக் கொடுத்துவிட்டது. முதற்பருவத்தில் எண்பத்திரண்டு ஆட்டங்களிலும் ஆடினார், சராசரி 10.8 புள்ளிகள். நல்ல தொடக்கந்தான், ஆனால் இவரே ஒரு நாள் உலகின் முதல் வீரராவார் என்று அந்த எண்களைக் கொண்டு எவராலும் சாதிக்க முடியாது. அடுத்த பருவத்துக்கு இவர் ஊதியம் ஏறக்குறைய நாற்பது இலட்சம் டொலர். ஜோர்ஜின் ஊதியமோ மூன்று கோடியே முப்பது இலட்சம்.

பின்னர் நடந்ததை உலகம் அறியும். கிளிப்பர்ஸ் 2021இல் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக மேற்குப் பிரிவின் இறுதியை எட்டிற்று. ஆனால் அதற்கு முந்திய சுற்றிலேயே லெனார்ட்டின் முழங்கால் தசைநார் கிழிந்துபோயிருந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. கிண்ணம் வரவேயில்லை. 2024இல் ஜோர்ஜ், ஒப்பந்தம் முடிந்தவராக, யாதொரு ஈடும் இன்றி பிலடெல்பியாவுக்குச் சென்றார். ஒக்லஹோமாவோ 2020-21இல் 22 வெற்றி, 50 தோல்வி. மறுபருவம் 24 வெற்றி, 58 தோல்வி. பிறகு 40, பிறகு 57, பிறகு 68 வெற்றி என்று ஏறிற்று. கிளிப்பர்ஸ் கொடுத்த உரிமைகளுள் ஒன்று 2022இல் ஜேலன் வில்லியம்ஸ் என்ற வீரராக உருவெடுத்தது. 2024-25ஆம் பருவத்தில் சராசரி 32.7 புள்ளிகள் எடுத்து அதிசிறந்த வீரர் விருதைப் பெற்ற கில்ஜியஸ்-அலெக்சாந்தர், இண்டியானாவுக்கு எதிரான ஏழு ஆட்ட இறுதித் தொடரில் கழகத்துக்குக் கிண்ணத்தையும் வென்று கொடுத்தார். அத்தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் வில்லியம்ஸ் நாற்பது புள்ளிகள் எடுத்தார்.

இவற்றை அடுக்கிவிட்டுக் கிளிப்பர்சின் நிர்வாகிகளை மூடர் என்று பழிப்பது மிக எளிது. பலர் அதைச் செய்தும்விட்டனர். என் அபிப்பிராயம் அதுவன்று. பையனின் ஆற்றலை அவர்கள் பிழையாக மதிப்பிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அவன் நன்றாக வருவான் என்று அவர்களும் அறிந்தே இருந்தனர், அறிந்திருந்தமையால்தான் அவனைக் கேட்டவருக்கு அவன் வேண்டியவனாக இருந்தான். அவர்கள் பிழையாக மதிப்பிட்டது தங்கள் கையில் இருந்த காலத்தை. லெனார்ட், ஜோர்ஜ் ஆகிய இருவரின் உச்சகாலம் எத்தனை பருவம் நீளும் என்ற கேள்விக்கு அவர்கள் மனத்தில் வைத்த விடை, லெனார்ட்டின் கால்கள் தாங்கக்கூடியதைவிடப் பெரியதாக இருந்தது. ஸ்பர்ஸ் கழகத்தில் ஒரு பருவத்தை ஏறத்தாழ முழுமையாகக் காயத்தால் இழந்தவர் அவர் என்பதும், ரொறன்ரோவில் அவரை இடைவிட்டு இடைவிட்டு ஓய்வு கொடுத்தே ஆடவைத்தனர் என்பதும் மறைந்திருந்த சங்கதிகளல்ல.

யாழ்ப்பாணத்தில் மாமரம் பூத்திருக்கும்போதே காய்ப்பை வியாபாரிக்குப் பேசிவிடும் வழக்கம் உண்டு. அந்நேரத்தில் பேசப்படும் விலையில் மரத்தின் தரத்தைவிட, வீட்டுக்காரருக்கு அன்றைக்கு இருக்கும் பணமுடையே பெரிதும் தெரியும். இளம் வீரனுக்குக் கூறப்படும் விலையும் அத்தகையதே. அவன் எவ்வளவு பெறுவான் என்பது கொடுப்பவனின் அவசரத்தைப் பொறுத்தது. ஆகவே தீர்மானிக்கும் அவையில் முதலில் ஆராயவேண்டியது பையனின் வருங்காலத்தை அல்ல, தம் அவசரம் எங்கிருந்து வந்தது என்பதை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், இளைஞனைக் கொடுத்தது சரியாகவே முடிந்த சந்தர்ப்பங்களும் விளங்கிவிடுகின்றன. 2014இல் லெப்ரோன் ஜேம்ஸ் தம் சொந்த மாநிலக் கழகமாகிய கிளீவ்லண்டுக்குத் திரும்பினார், வயது இருபத்தொன்பது. அதே ஆண்டுத் தெரிவில் முதலாவதாக வந்த கனடிய இளைஞன் ஆண்ட்ரூ விகின்சை, ஓர் ஆட்டமும் ஆடவிடாமல், கெவின் லவ் என்ற தேர்ந்த வீரருக்காக அக்கழகம் மினசோட்டாவுக்குக் கொடுத்தது. விகின்ஸ் அடுத்த பருவத்தின் சிறந்த புதுமுக வீரர் ஆனார். அப்போது கிளீவ்லண்டைக் குறைகூறியவர் பலர். 2016இல் கிண்ணம் வந்தது. 1964இன் பின் அந்நகரம் எந்தப் பெரிய விளையாட்டிலும் பெற்ற முதல் வெற்றி அதுவே. லெப்ரோனின் உச்சகாலம் இன்னும் சில பருவங்கள் நீடிக்கும் என்பது அனுமானமாயினும், பதினோரு பருவங்கள் பெருங்காயமின்றி ஆடிய உடலை ஆதாரமாகக் கொண்ட அனுமானம். 2019இல் லேக்கர்ஸ் கழகம் பிரண்டன் இங்ராம், லொன்சோ போல், ஜோஷ் ஹார்ட் என்ற மூன்று இளைஞரையும் கொடுத்து அந்தோனி டேவிசைப் பெற்று, மறுவருடமே வென்றதும் இந்த வகையில் அடங்கும்.

ஒக்லஹோமாவின் பொது முகாமையாளர் சாம் பிரெஸ்டியை முற்றறிவாளராக்கிப் புகழ்வோருக்கும் இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 2012இல் இதே மனிதர், இதே கழகத்தில், அந்த ஆண்டு இறுதித் தொடர் வரை சென்ற அணியிலிருந்து, இருபத்துமூன்று வயது ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார். புதிய ஒப்பந்தத்துக்குக் கழகம் கூறிய தொகைக்கும் வீரர் கேட்ட தொகைக்கும் இடையே இருந்த வேறுபாடு, அத்தகைய கழகங்களின் கணக்கில், பெரிதன்று. சம்பளச் செலவு மிகும் கழகங்கள் செலுத்தவேண்டிய மிகைச் செலவு வரியின் பயமே பெரிது. ஹார்டன் 2018இல் அதிசிறந்த வீரரானார். அந்த அணி மறுபடி இறுதித் தொடரைக் காண 2025 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரே மனிதர் ஒருமுறை அவசரத்தின் பக்கத்தில் இருந்தார், ஒருமுறை அவசரப்பட்டவனிடம் வாங்கும் பக்கத்தில் இருந்தார். அவரது புத்தி இரு சந்தர்ப்பத்திலும் ஒன்றே.

இதற்கெல்லாம் புறம்பாக நிற்பது 2025 பெப்ரவரி மாத ஆரம்பத்தில் டலஸ் மவரிக்ஸ் செய்த காரியம். முந்திய ஆண்டில்தான் தன்னை இறுதித் தொடர் வரை அழைத்துச் சென்ற, இருபத்தைந்தே வயதான லூக்கா டொன்சிச்சை, முப்பத்தொரு வயது டேவிஸ் முதலியோருக்காக அக்கழகம் லேக்கர்சுக்குக் கொடுத்தது. எந்த வீரரும் வற்புறுத்தவில்லை, ஒப்பந்தமும் முடியவில்லை, தற்காப்பு ஆட்டமே கிண்ணத்தை வெல்லும் என்பது பொது முகாமையாளர் நிகோ ஹரிசன் கூறிய காரணம். நகர மக்கள் அரங்கத்தின் வாசலில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர்; அதே ஆண்டு நவம்பரில் ஹரிசன் பதவி நீக்கப்பட்டார். இருக்கும் காலத்தைச் சுருக்கிக்கொள்ளுமாறு எவரும் கேளாதபோதே ஒரு கழகம் தானே அதைச் சுருக்கிக்கொண்ட இச்சம்பவத்துக்கு என்னால் நியாயம் காண முடியவில்லை.

நம்மவர்க்கு நெருங்கிய கிரிக்கெட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. கண்டியில் பிறந்த மதீஷ பத்திரணவைப் பத்தொன்பது வயதில் சேர்த்துக்கொண்டு, மகேந்திர சிங் தோனியின் மேற்பார்வையில் வளர்த்த சென்னை சூப்பர் கிங்ஸ், 2025ஆம் பருவத்துக்கு அவரைப் பதின்மூன்று கோடி ரூபாய்க்குத் தக்கவைத்தது. அப்பருவம் சோபிக்காமற் போகவே விடுவித்தது. சில வாரங்களில், டிசம்பர் ஏலத்தில், கொல்கத்தா பதினெட்டுக் கோடிக்கு அவரை எடுத்தது. அதே தோள், அதே பந்துவீச்சு. எது சரியென்று தீர்ப்புக் கூறும் காலம் இன்னும் வரவில்லை.

இவ்வளவும் கழகங்களின் பக்கத்திலிருந்து பார்த்தது. கொடுக்கப்படும் இளைஞனின் பக்கத்திலிருந்து பார்ப்பவர் மிகச் சிலர். என்.பி.ஏ.யில் தன்னைக் கைமாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை எழுதிக்கொள்ளும் உரிமை, எட்டுப் பருவங்கள் ஆடி, அவற்றுள் நான்கை அதே கழகத்தில் கழித்தவனுக்கே உண்டு. இளைஞனுக்குச் சம்மதம் கேட்கப்படுவதில்லை. ஓர் இரவில் நகரம் மாறும், வீடு மாறும், பயிற்றுநர் மாறுவார். ஆயினும் அவனுக்கு உறுதி செய்யப்பட்ட ஊதியம் உண்டு, காயம் பட்டால் வைத்தியம் உண்டு, அவனுக்காக வாதாட ஒரு தொழிற்சங்கம் உண்டு. கைமாற்றப்படுவதன் வேதனைக்கு இவை பரிகாரமாகா என்றாலும், பாதுகாப்பாகவேனும் நிற்கின்றன.

கொழும்புக்கு வருவோம். மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ உயரமும் கைத்திறனும் வாய்த்த ஒரு பையன், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்ததும், உயர்தர வகுப்புக்குக் கொழும்புப் பாடசாலை ஒன்று புலமைப்பரிசில் தந்து அழைத்துக்கொள்வது புதிய வழக்கமன்று. அவன் பின்னர் வர்த்தக நிறுவனங்களின் போட்டிகளில் ஆடுவதற்காகவே ஒரு நிறுவனத்தில் உத்தியோகம் பெறுவதும், முப்படைகளின் அணிகளுள் ஒன்றில் சேர்வதும் உண்டு. இங்கே பையனின் சம்மதம் கேட்கப்படுகிறது. அந்த மட்டில் நமது வழக்கம் அமெரிக்க வழக்கத்தைவிடக் கௌரவமானது. பதினாறு வயதுப் பிள்ளையின் சம்மதம், தகப்பனின் வருமானத்தையும் தாயின் கனவையும் சார்ந்த சம்மதம் என்பதையும் நாம் மறக்கலாகாது. சுகததாச உள்ளக அரங்கில் ஆடவேண்டும், தேசிய அணிக்குத் தெரிவாகவேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைக்கு, ஊரிலேயே இரு என்று உபதேசிக்க எனக்கு மனமில்லை; கொழும்பில் கிடைக்கும் உள்ளக ஆடுகளமும் போட்டியும் அவன் ஊரில் அவனுக்குக் கிடைக்காமலிருப்பது அவன் குற்றமன்று.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பத்து வயது முதல் அவனைக் காலையும் மாலையும் ஆடுகளத்துக்கு அழைத்து, சப்பாத்து இல்லாதபோது சப்பாத்து வாங்கிக் கொடுத்து, பரீட்சைக் காலத்தில் பந்தைப் பூட்டிவைத்து வளர்த்த பயிற்றுநருக்கும் பாடசாலைக்கும் அந்தக் கைமாற்றில் யாதொரு பிரதிபலனும் இல்லை. உதைபந்தாட்டத்தின் உலகச் சம்மேளனமாகிய ஃபீஃபா இதற்கு நெடுநாளைக்கு முன்பே வழி கண்டிருக்கிறது: ஒப்பந்த காலத்தில் ஒரு வீரர் சர்வதேச அளவில் கழகம் மாறும்போது, செலுத்தப்படும் தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, பன்னிரண்டு வயது முதல் இருபத்துமூன்று வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் நாடு மாறி ஆடுவதை, விசேட காரணங்கள் இருந்தாலன்றி, கூடைப்பந்தாட்டச் சம்மேளனமாகிய ஃபீபாவும் அனுமதிப்பதில்லை. ஒரு நாட்டுக்குள்ளேயே, காசு கைமாறாத பாடசாலை விளையாட்டில், இவ்விதிகளை அப்படியே கொண்டுவர இயலாது. ஆனால் அவற்றின் நியாயத்தைக் கொண்டுவரலாம். பிள்ளையைப் பெற்றுக்கொள்ளும் பாடசாலை, அனுப்பிய பாடசாலையின் ஆடுகளத்துக்கு ஆண்டுதோறும் பந்தும் வலையும் அளிக்கலாம். தன் பயிற்றுநரை விடுமுறையில் அங்கே அனுப்பலாம். அவ்வூர் அணியைக் கொழும்புக்கு அழைத்து இரண்டு வாரம் தங்கவைத்து ஆடவிடலாம். வீரனை உத்தியோகத்துக்கு எடுக்கும் நிறுவனத்துக்கு இவை செலவென்று சொல்லத்தக்க செலவுமல்ல.

கிளிப்பர்சின் கதையில் நாம் கண்ட கேள்வியும் இங்கே பொருந்தும். கொழும்புப் பாடசாலைக்கு இருக்கும் காலம் இரண்டு ஆண்டுகள். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் கிண்ணம் ஒன்றே அதன் கண்ணில் நிற்கும். பிள்ளையின் காலமோ அறுபது ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளின் அவசரத்தைக் கொண்டு அறுபது ஆண்டுகளை விலைபேசும்போது, அந்த அவசரம் தன்னுடையதன்று என்பதை அவனுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் அவனைப் பெற்றோரும் முதற்பயிற்றுநருமே. ஆதலால், அழைப்புக் கடிதம் வீட்டுக்கு வரும்போது அவர்கள் கேட்கவேண்டியவை வெளிப்படையானவை: உயர்தரத்தில் அவன் கற்க விரும்பும் பாடப்பிரிவு அந்தப் பாடசாலையில் தமிழ்மொழியில் உண்டா; ஆட்டமில்லாத மாலைகளில் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர் யார்; விடுதிச் செலவு இரண்டாம் ஆண்டிலும் தொடருமா; முழங்கால் பிசகி ஒரு பருவம் உட்கார நேர்ந்தால் சத்திரசிகிச்சைக்கு யார் பொறுப்பு, புலமைப்பரிசில் அப்போதும் நிலைக்குமா. இவற்றுக்கு வாய்மொழியாகக் கிடைக்கும் விடை போதாது. அதிபரின் கையொப்பத்தோடு, பிள்ளை கொழும்புக்குப் பஸ் ஏறுவதற்கு முன்பு, எழுத்தில் வரவேண்டும்.